புன்னைமரம் நீங்கலாக

பினாங்கில் என்ன பார்க்கலாம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நான் விடமாட்டேன். விடியற்காலையில் மணிக்கூண்டு. அங்கிருந்து கோட்டை மதிலை ஒட்டியே நடந்தால் திடல். வெயில் ஏறுமுன் மாரியம்மன் கோயில், பிறகு சூலியா தெருவில் ஒரு கோப்பி. அப்புறம் தண்ணீர்மலைக்கு ரிக்‌ஷா. அங்கே குரங்குகளிடம் மட்டும் வாழைப்பழத்தைக் காட்டாதீர்கள், காட்டினால் மேல்துண்டு உங்களுடையதல்ல. எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். வெட்கக்கேடு! இந்த வழியை நான் வகுத்தது அக்காவை ஏமாற்றுவதற்காக.

அத்தான் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஒரு தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க இங்கே வந்தவர் காலராவில் விழுந்தார். அக்கா அப்போது தோட்டத்தில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அந்தப் பிள்ளையும் பிறகு தங்கவில்லை. "நீ இருக்கே தம்பி, பாத்துக்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். நான் துணிக்கடைச் சிப்பந்தி, ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். இரண்டு நாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். காலரா என்றதும் கால் உள்ளே எடுத்து வைக்க மறுத்தது. மூன்றாம் நாள் துணிந்து போனபோது புதைத்துவிட்டிருந்தார்கள். மயானத்துக் காவல்காரரைக் கேட்டேன்.

"அன்னிக்கு வண்டி வண்டியா வந்துச்சு. எது யாருன்னு எப்படித் தெரியும்லா?" என்றார்.

அன்றே அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். நானே கொள்ளிச்சட்டி பிடித்து முன்னால் நடந்தேன், பால் ஊற்றினேன், புன்னைமரத்தடியில் தனியாகப் புதைத்திருக்கிறேன் என்று. புன்னை எங்கிருந்து வந்ததோ, பேனா எழுதிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து அக்கா தோட்டத்தை விட்டு வந்தாள். ஊருக்கே போய்விடுகிறாளாம். மாலையில் கப்பல். என்னைக் கண்டதும் முதல் வார்த்தை, "அவரு இருக்குற எடத்தக் காட்டு."

"காட்டுறேங்க்கா. மொதல்ல ஊரப் பாரு" என்றேன்.

பொழுதைப் போக்கிவிட்டால் கப்பல் வந்து காப்பாற்றும் என்று கணக்குப் போட்டேன். மணிக்கூண்டின் உயரத்தை விளக்கினேன். பீரங்கியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கோயிலில் மூன்று சுற்று. குரங்குகளைக் கண்டு அவள் சிரிக்கவில்லை.

"தம்பி, கப்பல உட்டாலும் உடுவேன். அவரப் பாக்காமப் போமாட்டேன்."

வேறு வழி? ரிக்‌ஷாவை மயானத்துக்குத் திருப்பச் சொன்னேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

உள்ளே நுழைந்ததும் அக்கா எனக்கு முன்னால் ஓடினாள். கோடியில், வேலி ஓரம், பாழாய்ப்போன ஒரு புன்னைமரம் உண்மையிலேயே நின்றது! அதன் அடியில் யாருடையதோ ஒரு மேடு.

"இதானே தம்பி?"

என் தலை தானாக ஆடியது. அவள் அப்படியே மேட்டின்மேல் விழுந்தாள். பிள்ளை போனதை அவரிடம் சொன்னாள். தான் ஊருக்குப் போவதைச் சொன்னாள். பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தாள்.

"காவேரியில கரைச்சுர்றேன். அங்க வந்து சேந்துருவாரு."

"அக்கா" என்றேன். "கப்பலுக்கு நேரமாச்சு."

துறைமுகத்தில் படகு ஏறுமுன் அந்த முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கன்னத்தைத் தடவினாள்.

"நீ இல்லேன்னா அவரு அநாதப் பொணமால்ல போயிருப்பாரு, சாமி."

படகு கப்பலை நோக்கி நகர்ந்தது. கரையிலிருந்து நான் கை காட்டினேன். அவள் முடிச்சை விட்டுக் கையை எடுக்கவேயில்லை.