செல்லமுத்து காத்த பீப்பாய்

கடலையே பார்த்திராத அன்னவாசல்காரன் செல்லமுத்துவுக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். குடிதண்ணீர்க் காவல்தான். ஊரிலும் அவனுக்கு அதே வேலை. குடிதண்ணீர் ஊருணிக் கரையில் செருப்போடு ஏறினால் தாசில்தாரையும் விடமாட்டான். முப்பத்தெட்டாம் வருஷம் ஜெகதாப்பட்டினத்துக்கு எதிரே வந்து நின்ற பயிற்சிப் பாய்க்கப்பலுக்கு இப்படியொரு முரடன் தேவைப்பட்டான். பாய்மரத் தொழில் பழகும் இருபது இளவட்டங்கள் அதில் இருந்தார்கள். விட்டால் குடிதண்ணீரில் தலைசீவுகிற வயசு.

ஏறிய நாள்முதல் செல்லமுத்துவுக்கு ஓயாத கேள்விதான். அரைமணிக்கொரு தரம் எதற்கு மணியடிக்கிறார்கள்? கிழக்கே போகவேண்டிய கப்பலை ஏன் தெற்கே திருப்புகிறார்கள்? விடியுமுன் கடல்தண்ணீரை இறைத்து மேல்தளத்தைக் கழுவுகிறார்களே, கழுவாவிட்டால்தான் என்ன? கயிறு இழுக்கிறவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டான். காய்ந்த பாய்த்துணி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து, அதை நக்கியும் பார்த்தான்.

"என்னண்ணே, கொழம்புல உப்புப் பத்தலையா?" என்று சிரித்தான், பழக வந்தவர்களில் வாய்த்துடுக்கான உடையப்பன்.

குடிதண்ணீர்ப் பீப்பாய் விஷயத்தில் மட்டும் செல்லமுத்துவிடம் கேள்வி இல்லை, சட்டம்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வரவேண்டும். வேளைக்கு ஒரு குவளை. கப்பலை நடத்தும் கப்பித்தான் மட்டும் பூட்ஸோடு வருவார். செல்லமுத்து பல்லைக் கடித்துக்கொள்வான். சம்பளம் கொடுக்கிறவரை என்ன சொல்வது!

ரங்கூன் போகும் வழியில் காற்று நின்றுபோனது. ஒன்பது நாள் கப்பல் நகரவில்லை. கடைசிப் பீப்பாயில் மூன்று நாள் தண்ணீர்தான் மிச்சம். ஒரு குவளை அரைக்குவளையானது. ரத்தினவேல் என்ற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவன் உதடு வெடித்திருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. அடேயப்பா, என்ன ஆட்டம்! அண்ணாந்து குடித்தார்கள். பெரிய பாயைத் தொட்டில்போலக் கட்டி, அதில் சேரும் தண்ணீரைப் பீப்பாய்க்குத் திருப்ப ஓடினார்கள். செல்லமுத்துவோ பீப்பாயை மூடி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரிங்கண்ணே! மழை போயிரும்!" உடையப்பன் கத்தினான்.

"மொதத் தண்ணி அங்கிட்டுப் போகட்டும்ப்பா. பாயில இருக்கிற உப்பெல்லாம் இதுல எறங்கும். உள்ள இருக்கிற நல்ல தண்ணியும் கெட்டுரும்."

ஊருணிக்கும் அப்படித்தான் செய்வான். முதல் மழையை வெளியே விட்டுவிட்டுத்தான் வாய்க்காலைத் திறப்பான். பாயிலிருந்து வழிந்ததை விரலில் தொட்டு நக்கினான். உப்பு. மறுபடியும் உப்பு. மழை மெலிந்தது. உடையப்பன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"ரத்தினவேலு செத்தா நீங்கதாண்ணே பொறுப்பு!"

செல்லமுத்து வானத்தை அண்ணாந்து பார்த்தான். ஊரில் என்றால் அடுத்த மழை வரும். இங்கே எவன் கண்டான்? ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை நக்கினான்.

"சப்புன்னு இருக்குடா! தெறங்கடா!"

அதற்குப்பின் மழை கால்மணி நேரம்தான் பெய்தது. பீப்பாய் முக்கால்வாசி நிறைந்தது. முதல் குவளையைக் குடித்த ரத்தினவேல், "இன்னொண்ணு குடுங்கண்ணே" என்றான். செல்லமுத்து அழுதுவிட்டான். சட்டத்தை மீறி இன்னொன்று கொடுத்தான்.

அப்புறம் கப்பித்தான் வந்தார். நாலடி தள்ளியே நின்று, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். நனைந்த முடிச்சு லேசில் அவிழவில்லை. செல்லமுத்து குவளையில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, அவர் கழற்றி முடிக்கும்வரை காத்திருந்தான்.