அப்பாவின் பராமரிப்புக் கட்டணம்

எங்கள் தொடர்மாடியில் தண்ணீர் தானாக மேலே ஏறாது. மலைச்சரிவில் கட்டிய கட்டடம். கீழே ஒரு தொட்டி, கூரையில் ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டர். மோட்டர் ஓட மின்சாரம் வேண்டும். படிக்கட்டுக்கு விளக்கு வேண்டும், மலக்குழி நிறைந்தால் உறிஞ்சி எடுக்கப் பவுசர் வண்டி வர வேண்டும், பொது இடங்களைக் கூட்ட ஆள் வேண்டும். எல்லாச் செலவையும் கூட்டி வீடுகளுக்குச் சமமாகப் பிரித்து மாதாமாதம் வாங்குவதுதான் பராமரிப்புக் கட்டணம். வீட்டை அரசாங்கம் தரும். கதவுக்கு வெளியே உள்ளதைக் குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அந்தக் கட்டணத்தை ஒரு மாதமும் கட்டியதில்லை. ஆனால் கட்டாமல் இருக்கிறோம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவர் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்கு வந்து, நகரத்தைக் கூட்டும் வேலையில் சேர்ந்தவர். இந்த வீடு கிடைத்த புதிதில் குடியிருப்பாளர் கூட்டம் நடந்திருக்கிறது. கமிட்டித் தலைவராகத் தெரிவான சிங்களப் பெரியவர் கட்டணத்தைப் பற்றி விளக்கியபோது அப்பா எழுந்து, கூட்டுவதற்கு ஆள் தேட வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். பெரியவர் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்பாவுக்கு அது கையெழுத்திட்ட மாதிரி. மற்ற வீடுகள் காசாகத் தரும், நாம் வேலையாகத் தருவோம் என்று அம்மாவிடம் வந்து சொன்னாராம்.

அன்று தொடங்கிக் கூட்டினார். நகரத்து வேலைக்குப் போகுமுன் மேல்மாடியிலிருந்து படிப்படியாகக் கூட்டிக்கொண்டு இறங்குவார். பெரஹர ஊர்வல நாட்களில் தெருவெல்லாம் யானைச் சாணம் அள்ளிவிட்டு, கண் சிவந்து வந்தாலும் எங்கள் படிக்கட்டை விட்டதில்லை. யாராவது வெற்றிலை துப்பிவிட்டால் தேங்காய்ப் பொச்சால் உரசுவார். கதவைத் திறந்து பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிலர் பிளேன்டீ கொடுப்பார்கள். கட்டணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கமிட்டி கேட்டு வாங்குகிற கமிட்டி அல்ல. தந்தவர்களிடம் வாங்கியது, தராதவர்களைப் பேசாமல் எழுதி வைத்தது.

அப்பா ஓய்வு பெற்ற வருடம், வீடுகளுக்கு உறுதி, அதாவது சொந்தப் பத்திரம், கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு சுவர் இருந்ததில்லை. தாத்தா இருந்த ஒற்றை அறை லயக் காம்பிராவும் தோட்டத்துக்குச் சொந்தம். அம்மா உறுதியை வைப்பதற்கு அலுமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டார். கட்டண நிலுவை இல்லை என்று, அதற்குள் மாறியிருந்த கமிட்டி ஒரு கடிதம் தர வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா கடிதம் கேட்கப் போனார். நிலுவைத் துண்டோடு திரும்பி வந்தார். சிங்களத்தில் இருந்ததை நான் வாசித்தேன். அத்தனை வருடக் கட்டணமும், தாமதத்துக்கான மேலதிகமும் அதில் இருந்தன. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாசித்த எதையும் அவர் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். பட்டம் பெற்று ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். கெஞ்சிப் பழக்கமில்லை. புதிய பொருளாளர் மூன்றாம் மாடியில் இருக்கிற முஸ்லிம் அண்ணன், சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்க் கணக்கு முழுவதையும் கேட்டேன். மறுக்காமல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்கேயோ ஒரு பிழை இருக்கும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொரு மாதத்தையும் பார்த்தேன். மின்சாரம், பவுசர், மோட்டர் திருத்தம், தொட்டி கழுவியது எல்லாம் சரி. வகுத்ததும் சரி. துப்புரவுக்கு எதுவும் எழுதப்படவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. அப்பாவின் உழைப்பால் எல்லா வீட்டுக் கட்டணமும் குறைந்திருந்தது. எங்களுடையதும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. அவருக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

"ஒங்க வாப்பா கூட்டினத நான் இல்லேன்னு சொல்லல்ல தங்கச்சி," என்றார் பொருளாளர். "நானே தெனமும் பாத்தேன். ஆனா அவருக்குக் கழிச்சு விட்டா, மோட்டருக்கு எண்ண போட்டவரும் வருவாரு, பல்ப் மாட்டினவரும் வருவாரு. நான் யாருக்கு என்னன்னு சொல்ற?"

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பழைய தலைவர் இப்போது தெல்தெனியவில் மகனோடு இருக்கிறார். அவர் ஒரு வார்த்தை எழுதித் தந்தால் போதும் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பஸ்ஸில் வழி முழுக்கப் பேசினார். பெரியவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இப்படி ஒரு மனுசனைப் பார்த்ததில்லை என்று மகனிடம் சிங்களத்தில் புகழ்ந்தார். நான் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் குழம்பினார். கட்டணத்துக்குப் பதிலாகவா, அப்படி நினைக்கவே இல்லையே மகள், நல்ல மனசில் செய்கிறார் என்றல்லவா நினைத்தேன் என்றார். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

நான் கடன் எடுத்துக் கட்டுகிறேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ கட்டுனா என்னா அர்த்தம் புள்ள? இத்தன வருசமா நான் சும்மா குந்தியிருந்தேன்னு ஆயிரும்ல."

வீடு அவர் பெயரில்தான் இருந்தது. அவருக்குத் தெரியாமல் நான் கட்டப் போனபோது, அப்பா முன்னமே சொல்லி வைத்திருக்கிறார், வாங்க முடியாது தங்கச்சி என்று பொருளாளர் அனுப்பிவிட்டார். முதல் தொகுதி உறுதிகள் வந்தபோது, தங்களுக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாற்சோறு கொண்டுவந்து தந்தார்கள். அம்மா கதவைத் திறந்து வாங்கி, சிரித்து, நன்றி சொல்லி, குசினியில் அடுப்பு முன்னால் போய் நின்றார்.

அப்பா கூட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் படிக்கட்டு நாறியது. கமிட்டி கூடி, துப்புரவை ஒப்பந்தமாக ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தது. அவர் ஆள் தேடினார். கட்டடத்திலேயே ஒரு அனுபவசாலி இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தில் பாதியை நிலுவைக்கு நேரே கழித்துக்கொள்ளலாம் என்று பொருளாளர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். உழைத்தே கட்டுவதென்றால் சரி என்று அப்பா போனார். இப்போது கொந்தராத்துக்காரர் தந்த பச்சை பனியனோடு அதே படிகளைக் கூட்டுகிறார்.

கொந்தராத்துச் செலவு சேர்ந்ததால் எல்லா வீட்டுக்கும் கட்டணம் ஏறியது. எங்களுக்கும் ஏறியது. அப்பாவுக்குத் தரும் சம்பளத்தில் ஒரு பங்கை, கட்டணமாக அப்பாவே கட்டுகிறார். நிலுவைக்குப் போகிற பாதியை அதன் மேலதிகமும் புதிய கட்டணமும் தின்றுவிடுகின்றன. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அவர் உயிரோடு இருக்கும்வரை நிலுவை தீராது. கணக்கில் இப்போதும் பிழை இல்லை.

போன மாதத் துண்டு வந்தபோது அப்பா அதை வாசித்துக் காட்டச் சொன்னார். மின்சாரம், தண்ணீர், பவுசர் என்று வாசித்து, துப்புரவு என்ற வரிக்கு வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுல எம் பேரு போட்டிருக்கா?"

"இல்லப்பா. கொந்தராத்துக்காரர் பேருதான்."

தலையாட்டினார். மிச்சத்தை வாசிக்கச் சொன்னார்.