ஒரு அட்டை, நாலு அடுப்பு

இந்த ஊரில் ஒரு கடை இருக்கிறது. உள்ளே கால் வைக்கவே வருடச் சந்தா கட்ட வேண்டும். கட்டினால் நம் மூஞ்சியைப் படம் பிடித்து ஒரு அட்டையில் போட்டுக் கொடுப்பார்கள். வாசலில் நிற்கிறவரிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது இன்னொருவர் பில்லைக் கையில் வாங்கி, தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்து, பில்லின் மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்துத் திருப்பித் தருவார். எனக்கு இது இன்னும் பழகவில்லை. எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் மளிகைக்கடைக்காரர் நாங்கள் தெருமுனையில் வரும்போதே "வாங்க வாங்க" என்று கூப்பிட்டு, வெயில் காலமென்றால் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார். இங்கே நாம் காசு கொடுத்துப் போய், போனதற்குச் சந்தேகத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறோம். முதல் நாள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "ஏன் புள்ள, நம்மளைக் களவாணின்னு நெனச்சுப்போட்டானா?" என்று கேட்டார். கார் நிறுத்தும் இடம்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

டொராண்டோவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நானும் அவரும் எங்கள் மகளும். ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர் இங்கே குளிர்பதன உணவுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். நான் முதியோர் இல்லமொன்றில் அரை நாள் வேலை பார்க்கிறேன். பற்றியும் பற்றாத வருமானம். அதைச் சொல்ல எனக்கொன்றும் வெட்கமில்லை. ஊரில் இருக்கிறவர்கள் வெளிநாடு என்றால் பணம் காய்க்கிறது என்று நினைப்பதும், இங்கே இருக்கிறவர்கள் அந்த நினைப்பைக் கெடுக்காமல் காரின் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவதும் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த அட்டை மிச்சம் பிடிக்குமா, பிடிக்காதா? இங்கே வந்து சேர்கிற ஒவ்வொரு குடும்பமும் கேட்கிற கேள்வி இது. யூடியூபில் நம்மவர்களே ஆளுக்கொரு வீடியோ போட்டிருக்கிறார்கள். ஒருவர் அட்டை எடுக்காதவன் முட்டாள் என்கிறார், இன்னொருவர் எடுத்தவன் முட்டாள் என்கிறார். இரண்டு பேர் வீட்டிலும் பின்னால் பெரிய ஃப்ரீசர் நிற்கிறது, வாசலில் வண்டி நிற்கிறது. கைக்கும் வாய்க்கும் சரியாய் இருக்கிற வீட்டில் இந்த அட்டை என்ன செய்யும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். முதல் வருடம் அது என்னை மொட்டையடித்தது.

அப்போது நான் செய்த தப்பை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் செய்ய முடியும். எங்கள் ஊரில் பொட்டலம் வாங்குகிற பழக்கம் கிடையாது. காடு தோட்டம் உள்ள குடும்பத்தில் தையும் மாசியும்தான் வருடச் சாமான் சேர்க்கிற காலம். அப்போதுதான் துவரை களத்துக்கு வரும், விலையும் சல்லிசாக இருக்கும். சொந்தக் காட்டில் விளையாததை விளைந்தவரிடம் மூட்டையாக வாங்கி, வண்டு விழாமலிருக்கத் துவரையில் செம்மண் கட்டிக் காயவைத்து, மிளகாயையும் புளியையும் மொடாப் பானைகளில் அடைத்துவிட்டால் அடுத்த தை வரைக்கும் இவற்றுக்காகக் கடைப்பக்கம் போக வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்தச் சாமான் அறையின் சாவி என் மாமியாரின் இடுப்பில் இருந்தது. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து விமானம் ஏறும் நாள்வரைக்கும் பருப்பு வேண்டுமென்றால் நான் அவரிடம் போய் நிற்க வேண்டும். அவரே உள்ளே போய் அளந்து எடுத்து வருவார். ஒரு பிடி கூடுதலாகக் கேட்டால், "யாராச்சும் விருந்தாடி வாராங்களா?" என்று கேட்பார். ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் அந்தச் சாவியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

அதனால்தான் முதல் வருடம் தை பிறந்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. இங்கே என் சாமான், என் அலமாரி, கேட்க ஆளில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்குப் போய் அரிசி, துவரம்பருப்பு, கோதுமை மாவு, கொண்டைக்கடலை என்று வருடத்துக்கு ஆகிற அளவு மூட்டை மூட்டையாக ஏற்றினேன். வண்டி இல்லாததால் வாடகைக் கார் பிடித்தோம். "இப்ப வாங்கினாத்தானுங்க சல்லிசு. ஆடி வந்தா வெல ஏறிரும்" என்று வீட்டுக்காரருக்கு நானே பாடம் எடுத்தேன். அவரும் விவசாயி மகன்தானே, தலையாட்டினார். இந்த நாட்டில் அந்தப் பருப்புக்குத் தையும் இல்லை, ஆடியும் இல்லை. எங்கிருந்தோ கப்பலில் வருகிறது, வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே விலை என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தோன்றியபோது வாடகைப் பணத்தில் பாதி மூட்டையாகிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அந்த மாதம் வாடகை தாமதமாகத்தான் போனது. கட்டட மேனேஜர் டயான் என்கிற அம்மாள் கதவைத் தட்டி, இனி ஏதாவது பிசகினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே சமயத்தில் தொழிற்சாலையில் வீட்டுக்காரரின் வேலை நேரத்தையும் குறைத்தார்கள். "அந்த அட்டையைக் கத்திரிச்சுப் போடு மொதல்ல. மிச்சம் புடிக்கறேன் மிச்சம் புடிக்கறேன்னு ஊட்டையே காலி பண்ண வெச்சுருவ போல" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தக் கடை யாருக்கு மிச்சம் பிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வைக்க இடமும், ஏற்றிவர வண்டியும், முன்கூட்டியே போட முதலும் இருப்பவனுக்குச் சாமான் மலிவு. இல்லாதவன் அதே பருப்பைச் சின்னப் பையில் கூடுதல் விலைக்கு வாங்கித் தின்ன வேண்டும். சிக்கனமாக இருப்பதற்குக்கூடக் கையில் காசு வேண்டும் என்றால் இது என்ன நியாயம்? அட்டையை நான் கத்திரிக்கவில்லை.

கோடை வந்தது. ஒரு நாள் பருப்பு மூட்டையைப் பிரித்தால் வண்டு. எங்கள் ஊரில் வண்டு விழுந்தால் யாரும் பதற மாட்டார்கள், எடுத்துப்போய் வெயிலில் கொட்டுவார்கள். நானும் அதையே செய்தேன். கட்டடத்துக்குப் பின்னால் புல்தரையில் பழைய சேலைகளை விரித்து, பருப்பு, கடலை எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பினேன். நல்ல வெயில். வண்டெல்லாம் ஓட ஆரம்பித்தது. சேலையை விட்டு வண்டுகள் போவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வண்டு போன வேகத்தில் புறா வந்தது, புறாவுக்குப் பின்னால் டயான் வந்தார்.

"பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறோமே" என்றார் ஆங்கிலத்தில்.

"நோ பேர்ட்ஸ். சன். ஃபார் சன்" என்று நான் வானத்தைக் காட்டினேன். அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு சேலையைப் பார்த்தார், பிறகு என்னை. ஏதோ பூஜை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. உங்கள் மத நம்பிக்கையை மதிக்கிறேன், ஆனாலும் இங்கே செய்யக் கூடாது என்றார். நான் இல்லையில்லை, இது சாப்பாடு, எங்கள் சாப்பாடு, பூச்சி வந்துவிட்டது, வெயிலில் போட்டால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலத்தையும் திரட்டிச் சொன்னேன். அதில் பூச்சி என்ற ஒரு சொல் மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. எங்கள் வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். மீதி மூட்டைகளைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் இவ்வளவும் குப்பைக்குப் போக வேண்டும். வந்து பார்ப்பேன். இருந்தால் நோட்டீஸ்தான், வேறு வீடு தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

குப்பைக்கு! அந்த மூட்டைகளில் இருந்தது எங்கள் வாடகைப் பணம், வீட்டுக்காரர் குளிரில் நின்று அடுக்கிய பெட்டி, நான் முதியோர் இல்லத்தில் துடைத்த தரை. வீட்டை இழக்கவும் முடியாது, அதைக் கொட்டவும் முடியாது. "போட்டுத் தொலைச்சரலாம் புள்ள. ஊடு போனா எங்க போறது?" என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சோத்தைக் குப்பையில போடறதுக்கு நான் இத்தனை தூரம் வரலீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டேன்.

எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்து வதனி அக்கா, மேல்மாடியில் பஞ்சாபிக்கார ஹர்ப்ரீத், அதற்கும் மேலே பிலிப்பைன்ஸ்காரி மரிசெல். மூன்று பேரையும் அதுவரை லிஃப்டில் பார்த்துச் சிரித்ததோடு சரி. மூன்று கதவையும் தட்டினேன். ஒளிக்கவில்லை, வண்டு விழுந்தது, வெயிலில் போட்டுச் சலித்து எடுத்துவிட்டேன், வந்து பாருங்கள், வாங்கின விலைக்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றேன். வதனி அக்கா வந்து பருப்பை அள்ளிப் பார்த்தார். "உதென்னத்துக்கு இவ்வளவு வாங்கினனீங்கள்? கலியாண வீடே?" என்று சிரித்தார். "வண்டுக்கு ஆர் பயம்? எங்கட வீட்டுப் பருப்பிலயும் இருக்கு" என்று அவரே மற்ற இரண்டு பேரிடமும் எனக்காகப் பேசினார்.

எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் ஊரில் நோம்பி என்கிற திருவிழா முடிந்த மறுநாள் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வெள்ளாடு வாங்கி அறுப்பார்கள். வாழை இலையில் கூறு போடுவார்கள். எல்லாக் கூறிலும் கறியும் இருக்க வேண்டும், எலும்பும் இருக்க வேண்டும், ஈரலும் துளியாவது இருக்க வேண்டும். கூறு போடுகிறவர் கடைசியாகத்தான் தன் பங்கை எடுக்க முடியும். ஆகவே அவர் கை தப்புப் பண்ணாது. கட்டடத்தின் கீழே துணி துவைக்கும் அறையில் ஒரு நீளமேசை இருந்தது. அதன்மேல் சேலையை விரித்து, படியால் அளந்து கூறு போட்டேன். நீங்கள் எடுங்கள், மிஞ்சினது எனக்கு என்று கைகாட்டியபோது மரிசெல்லுக்கு நம்பிக்கை வரவில்லை. எது பெரிது என்று குனிந்து குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒன்றாகவே இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள்.

திங்கட்கிழமை டயான் சொன்னபடி வந்தார். நாங்கள் கடைசி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். மேசையையும் கூறுகளையும் பார்த்துவிட்டு, இங்கே கடை நடத்துகிறீர்களா, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். இந்தத் தடவை நான் வானத்தைக் காட்டவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்து, "நோ ஷாப். நோ ப்ராஃபிட். வீ ஷேர்" என்றேன். ஹர்ப்ரீத் என் பக்கத்தில் வந்து நின்று, தன் நல்ல ஆங்கிலத்தில் மீதியைச் சொன்னாள். நீங்கள் அப்புறப்படுத்தச் சொன்னீர்கள், அவள் அப்புறப்படுத்திவிட்டாள், குப்பையில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? டயான் மேலே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தேன். பெருமூச்சு விட்டுவிட்டு, துவைக்கும் அறையில் ஒரு பருப்புகூடச் சிந்தியிருக்கக் கூடாது என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்கு என்னைப் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, வீடு எங்களிடம் இருக்கிறது.

அட்டையைப் புதுப்பிக்கிற நாள் வந்தபோது வீட்டுக்காரர் கத்திரிக்கோலைத் தேடவில்லை. பழைய அட்டை அவர் பெயரில் இருந்தது. நான் என் பெயருக்கு மாற்றி என் படத்தைப் போட்டுக்கொண்டேன். சந்தாவை நாலு வீடும் பகிர்ந்து போட்டோம். வண்டி ஹர்ப்ரீத்துடையது, ஃப்ரீசர் மரிசெல்லுடையது, விலை ஒப்பிடுவதற்கும் காலாவதித் தேதி பார்ப்பதற்கும் வதனி அக்கா, கூறு போடுவது நான். மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம், மாதத்துக்கு மட்டும் வாங்குகிறோம். இப்போது கேளுங்கள், மிச்சம் பிடிக்கிறதா என்று. பிடிக்கிறது, நன்றாகவே பிடிக்கிறது. தனிக் குடித்தனமாகப் போய் நின்றால் அந்தக் கடை உங்களை விழுங்கும். நாலு அடுப்பாகப் போனால் நீங்கள் அதை விழுங்கலாம். அடுத்த தைக்கென்று எதையும் அடைத்து வைக்காதீர்கள். வைப்பதற்கு இடம் கொடுக்காத ஊரில் சேர்த்து வைப்பது பைத்தியக்காரத்தனம். இதை யார் கேட்டாலும் அடித்துச் சொல்கிறேன். வீடியோ போடுகிறவர்கள் வந்தாலும் சொல்வேன்.

இங்கே எங்களுக்கு மூன்றாவதான இந்தத் தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேசையில் கொண்டைக்கடலை அளந்துகொண்டிருந்தபோது மாமியார் ஊரிலிருந்து கூப்பிட்டார். துவரை விளைச்சலைப் பற்றிச் சொன்னார், அடித்து முடித்து வீட்டுக்கும் வந்துவிட்டதாம்.

"உங்க பங்கைத் தனியா எடுத்துச் செம்மண்ணு கட்டிக் காயவெச்சுட்டேன் சாமி. ஆனா மூட்டையை வெக்க எடமில்லை. போன வருசத்துதும் கெடக்குது, அதுக்கு மொத வருசத்துதும் கெடக்குது. மாசமாசம் எடுத்து வெயில்ல போட்டு வெச்சிருக்கறேன், ஒரு வண்டு இல்லை. பழசை யாருக்காச்சும் குடுத்தறட்டுமா?"

எங்களுக்கென்று வருடா வருடம் அங்கே ஒரு மூட்டை எழுந்து நிற்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு பிடி பருப்பை அளந்து கொடுத்த அதே கை. குடுத்துருங்க அத்தை, சேர்த்து வெச்சு என்ன பண்றது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"குடுத்தராதீங்க" என்றேன். சத்தமாக வந்துவிட்டது போலிருக்கிறது, வதனி அக்கா பை கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சரி அம்மணி, இருக்கட்டும். எப்ப வாரீங்க?" என்று கேட்டார் மாமியார்.

கையிலிருந்த படியை மேசைமேல் வைத்தேன்.

"வெயில் மட்டும் காட்டிட்டே இருங்க அத்தை" என்றேன்.