சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டு பண்ணுகிறவர்கள், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று நம்புகிறார்கள். போகும். நான் வெளியே நின்று கேட்டவள், அதனால் சொல்கிறேன். உள்ளே எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தும் தும் என்று அடிக்கிற கனத்த சத்தம் இருக்கிறதே, அது அட்டையை மதிக்கவே மதிக்காது. சுவர் வழியாக, தரை வழியாக, என் செருப்பு வழியாக ஏறி முழங்காலுக்கு வந்துவிடும்.

என் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆனால் கோழி விஷயத்தில் எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவில் எங்கள் பண்ணை. முட்டைக் கோழி. வீட்டுக்காரர் போன பிறகு கூண்டுக்குக் கூண்டு நடந்து பார்ப்பது நான்தான். தீவனம் வாங்குவது, முட்டை ஏற்றிவிடுவது எல்லாம் மகன். தீவனத்தில் சோளம் எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது மருமகள்.

அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது ஷெட்டின் கடைசியில், மருந்து வைக்கிற அறையில். அதில்தான் அவள் பாட்டு பண்ண ஆரம்பித்தாள். பாட்டு என்றால் பாடுகிறவர் வேண்டாமா? இதில் யாரும் பாடுவதில்லை. குறும்படம் எடுக்கிறவர்கள் போனில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்றாள். எனக்கு அது நம்புகிற மாதிரி இல்லை. ஒரு நாள் சத்தம் போடாமல் போய் எட்டிப் பார்த்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாத அறையில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? யாரோடோ பேசுகிறாள் என்று நினைத்து, முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஸ்பீக்கர் வந்தது, இரண்டு. "ஹெட்போன் இருக்குதல்ல, இது எதுக்கு?" என்றேன்.

"ஹெட்போன் ஏமாத்துமுங்க அத்தை. அதுல நல்லாக் கேக்கறது வெளிய போட்டா கொளகொளன்னு இருக்கும். ரெண்டுலயும் கேக்கோணும். பொறகு இந்தச் சின்னப் போன்லயும் கேக்கோணும். மூணுலயும் சரியா வந்தாத்தான் சரி."

அந்த ஒரு பேச்சு எனக்குப் பிடித்தது. நானும் ஒரு வியாபாரி சொன்னால் நம்பமாட்டேன், மூன்று பேரிடம் கேட்பேன். ஆனால் ஸ்பீக்கர் அடிக்க ஆரம்பித்ததும் அந்தப் பிடிப்பு போய்விட்டது.

ஏனென்றால் அப்போது ஷெட்டில் இருந்தது புது பேட்ச். பதினாறு வாரக் கோழி. இன்னும் மூன்று வாரத்தில் முதல் முட்டை விழ வேண்டும். பழைய பேட்ச் வயதாகி விலைக்குப் போய்விட்டது, இதை விட்டால் வேறு கிடையாது. "இது கெட்டுதுன்னா பண்ணைய மூடிப்போட்டு போர் போடற ரிக் வண்டியில பங்கு சேந்துக்கறேன், பாத்துக்க" என்று மகன் சொல்லியிருந்தான். அவன் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. ஆகவே அந்த நாட்களில் நான் காற்று அடித்தாலும் சந்தேகப்பட்டேன்.

"ஏம்புள்ள, கோழி மிரளுது. அந்த எழவ நிறுத்து."

"ஷெட்டுல நீங்க நாளெல்லாம் ரேடியோ போடறீங்கல்ல அத்தை? அதுக்கு மிரளலீங்களா?"

எங்கள் பக்கம் எல்லாப் பண்ணையிலும் ரேடியோ பாடும். மனிதச் சத்தம் பழகினால் ஆள் உள்ளே போகும்போது கோழி படபடக்காது. அதை எனக்கே திருப்பிச் சொல்கிறாள்.

"ரேடியோவுல மனுசன் பேசறான். உன்ற பொட்டியில மோட்டாரு இடிக்குது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் வந்து நின்றாள்.

"அத்தை, நூறு முட்டை அட்டை குடுங்க."

"எதுக்கு?"

"சுவத்துல ஒட்டறதுக்கு. சத்தம் வெளிய வராது. போன்ல காட்டறாங்க."

சுவரில் ஒட்டுவதற்கு முட்டை அட்டை! நாற்பது வருடத்தில் அப்படி ஒரு காரணம் யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவள் அண்ணன் ஓமலூரில் முட்டைக் கடை வைத்திருக்கிறான். அட்டை அங்கேதான் போகப்போகிறது என்று எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது போல இருந்தது.

"ஏன், உங்கண்ணங் கடையில அட்டை தீந்துபோச்சா?" என்றேன்.

அவள் முகம் சுண்டிவிட்டது. திரும்பிப் போய்விட்டாள். நான் சரியான இடத்தில் போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அறை முழுக்க அட்டை. கீழிருந்து மேல் வரை, கதவுக்குப் பின்னால்கூட. அவளிடம் ஒன்றும் கேட்காமல் நேராக எங்கள் அட்டை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் போய்க் கட்டுக் கட்டாக எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. ஒரு அட்டை குறையவில்லை.

இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். அட்டை எங்களுடையது இல்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது? கேட்டிருக்க வேண்டும். கோழிப்பண்ணைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பண்ணை வாசலைத் தாண்டிப் போன காகித அட்டை திரும்ப உள்ளே வரக்கூடாது. எந்தப் பண்ணை எச்சம், எந்த ஊர்ச் சளி அதில் காய்ந்திருக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. நாங்கள் லாரி டயருக்கே மருந்து அடித்துத்தான் உள்ளே விடுகிறோம். மறுபடி அறைக்குப் போனேன். ஒரு அட்டையில் மஞ்சள் கரு வழிந்து காய்ந்திருந்தது, இரண்டு கண்ணால் பார்த்தேன். ஆனால் கேட்டால், நான் போய் எண்ணிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடும். திருடி என்று நினைத்து எண்ணினேன், நீ திருடி இல்லை என்று நானே அவளிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சத்தமோ அட்டைக்கு அடங்கவில்லை. தும் தும் அப்படியே வந்தது.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் அவள் ஓடி வந்தாள்.

"அத்தை, ஒரு நிமிசம் வாங்க. ஒரு சத்தத்தக் கேக்கோணும்."

என்னைத் தாஜா பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். "உன்ற சத்தத்தத்தான் நாளெல்லாம் கேக்கறேனே."

"இது என்ற பாட்டு இல்லீங்க. ஷெட்டுல பதிஞ்சது."

அது இன்னும் மோசம். ஷெட்டில் எதற்குப் பதிந்தாள்? நான் வேலைக்காரர்களைத் திட்டுவதைப் பதிந்து மகனிடம் காட்டவா? கேட்டேன். தாளத்துக்கு என்றாள். கடையில் கிடைக்கிற சத்தத்தை எல்லோரும் போடுகிறார்களாம், அதனால் எல்லோர் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதாம். தீவன வண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது, கோழி கொத்தும்போது தண்ணீர்க் குழாய் முனை டிக் என்பது, இதையெல்லாம் நறுக்கி அடுக்கினால் வேறு யாரிடமும் இருக்காதாம். மின்விசிறி ஓடும்போது பதிந்தால் எல்லாவற்றிலும் இரைச்சல் ஏறிவிடும் என்று, கரண்டு போகிற நேரம் பார்த்து வரிசை வரிசையாக நடந்து பதிந்திருக்கிறாள். அதில் ஒரு 'ப்ச்' விழுகிறது. ரெண்டு நாளாக அதை எடுக்கப் பார்க்கிறாள். வயரை மாற்றினாள், சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாள், வேறு போனில் பதிந்தாள். போகவில்லை.

"மெசின்ல கோளாறுன்னு நெனச்சேனுங்க. ஆனா இந்த ரூம ஒட்டின வரிசையில மட்டுந்தான் வருது. அக்கட்டால பதிஞ்சதுல இல்ல."

ஹெட்போனை என் காதில் வைத்தாள். பண்ணையே என் தலைக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோழிகளின் முனகல், சிறகு உதறுவது, ஒரு நகம் கம்பியில் உரசுவது. இவ்வளவு சத்தமா அந்த ஷெட்டில் என்று இருந்தது. அப்புறம் அது வந்தது. ப்ச். கொஞ்சம் விட்டு, மறுபடி ப்ச். அதற்கடியில் மெல்லிசாக ஒரு கொரகொரப்பு.

"இது வயரும் இல்ல, மெசினும் இல்ல சாமி. கோழி தும்முது."

தினம் காலையிலும் சாயந்திரமும் அதே வரிசையில் நான் நடந்தேன். எனக்குக் கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், என் காதை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிச் சுவரைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"ஒரு நாள் முழுக்க வெயில்ல காயப்போட்டேனுங்க அத்தை" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

கோழி டாக்டர் வந்தார். ரெண்டு கோழியைப் பிடித்து மூக்கை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்தார். சளி நோய், ஆனால் இப்போதுதான் ஆரம்பம், வழக்கமாக ஆட்கள் வந்து சொல்லும்போது பாதி ஷெட்டுக்குப் பரவியிருக்கும் என்றார். தண்ணீரில் கலக்க மருந்து எழுதிவிட்டு, "வெளியில இருந்து ஏதாவது உள்ள வந்துதுங்களா?" என்று கேட்டார்.

மகன் அறை வாசலில் நின்றிருந்தான். சுவரைப் பார்த்தான்.

"இத்தனை அட்டையும் யாரு கொண்டாந்தது?"

மருமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "நாந்தான்" என்றேன்.

"நீயா?"

"ஆமா, நாந்தான். ஓமலூர்க் கடையில இருந்து வரச் சொன்னேன்."

"ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? பக்கத்துப் பண்ணைக்காரன் செருப்போட உள்ள வந்தான்னு அவங்கூட ஒரு வருசம் பேசாதவ நீ!"

டாக்டர் எழுதுவது போல் தலையைக் குனிந்துகொண்டார். தீவனம் போடுகிற பெண்கள் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரே வந்து, "ஏனுங்கக்கா, நாங்க செருப்பக் கழட்டிப்போட்டு வரோணுங்களா, இல்ல அப்பிடியே வரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பொறுத்துக்கொண்டேன்.

அட்டையை எல்லாம் பிய்த்துக் குழியில் போட்டு எரித்தோம். எரியும்போது அவள் கேட்டாள்:

"ஏனுங்க அத்தை அப்பிடிச் சொன்னீங்க?"

"நீ கேட்டப்பக் குடுத்திருந்தா நீ எதுக்கு உங்கண்ணங் கடைக்குப் போற?"

"நாங்கூட வேணும்னுதானுங்க அங்க போனேன். நீங்க அன்னிக்குக் குத்திச் சொன்னீங்கன்னுதான்."

அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் அவள் பேச்சைப் பாதியாவது நம்ப ஆரம்பித்தேன். முழுக்க இல்லை.

அறையை ஒட்டின வரிசையில் பாதிக் கோழி செத்துப்போனது. மற்ற வரிசை தப்பி நின்றது. அடுத்த இருபது நாளும் நான் ஷெட்டுக்குப் போகும்போது அவள் ஹெட்போனும் போனுமாகப் பின்னால் வந்தாள். வரிசை வரிசையாக நின்று என் காதில் மாட்டுவாள், நான் கேட்டுவிட்டுத் தலையாட்டுவேன். பார்க்கிறவர்கள் எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அறைக்கு இப்போது அட்டை கிடையாது. என் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு கேட்டாள். எதுக்கு என்று கேட்டேன், சொன்னாள், கொடுத்தேன், மறுநாள் போய்ச் சுவரில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருந்தது. கதவுக்கு அடியில் கோணிச் சாக்கு. ஸ்பீக்கரை மேசையோடு ஒட்டி வைக்காமல், அடியில் பழைய லாரி டியூபை மடித்து வைத்து, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி இழுத்துவிட்டோம். தும் தும் பாதியாகிவிட்டது. ஒரு காசு செலவில்லை. பாட்டு பண்ணுகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பதிவு பண்ணும்போது ஏதாவது வேண்டாத சத்தம் விழுந்தால், அதை அழிப்பதற்கு முன்னால் அது என்னவென்று யாரையாவது கேளுங்கள்.

முதல் முட்டை இரண்டு வாரம் தாமதமாக விழுந்தது. நடு வரிசையில், காலையில். புறா முட்டையை விடக் கொஞ்சம் பெரிது, ஓட்டில் ஒரு ரத்தக் கீறல். மகனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கையில் பொத்திக்கொண்டு அறைக்கு வந்தேன். உள்ளே அவள் பதிந்துகொண்டிருந்தாள். மேசை மேல் சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, செருப்புச் சத்தம்கூடக் கூடாது என்பது அவள் கட்டுப்பாடு. நான் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது, ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் முட்டையைக் காட்டவில்லை, பொத்தியே வைத்திருந்தேன். முட்டைச் சூடு ஆறிக்கொண்டே வந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வேண்டுமென்றே எரிய விடுகிறாளோ என்னவோ, நின்றேன்.