முப்பத்தேழு வயதில் உயிரியல்

வளர்ந்த ஆள் ஒருவர் உயிரியல் படிக்கத் தொடங்கினால் அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

தொழில் என்றுதான் சொல்வேன். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள் நான்; அதைவிட இது கடினம். முப்பத்தேழாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டுக் கொலேக்கில் சேர்ந்தேன். கொலேக் என்றால், வேலைக்குப் போன பெரியவர்கள் திரும்பி வந்து மூன்று வருடம் பகலில் படித்து, பல்கலைக்கழகம் போவதற்கான அபிட்டூர் பரீட்சை எடுக்கும் இடம். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு உயிரியல் படித்திருந்தேன். பெறுபேறு வருவதற்கு முன்பே கல்யாண விசா வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க வேண்டும் என்ற ஆசைக்கு ஒருவரும் விசா எடுக்கவில்லை. அது தானாகவே என்னோடு ஏறி வந்துவிட்டது.

பிள்ளையின் புத்தகப் பைக்குப் பக்கத்தில் தங்கள் பையையும் கொழுவி வைத்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது.

எழுந்து நின்றது

முதல் நாள், முதல் பாடம், உயிரியல். ஆசிரியை ஃபிராவ் பிரிங்க்மன் உள்ளே வந்தார். (ஃபிராவ் என்றால் திருமதி.) என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டன. இருபது பேர் இருந்த வகுப்பில் நிற்பது நான் ஒருத்திதான். சரி, அவர் இருக்கச் சொன்னதும் இருப்போம் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவரோ நான் எதற்கோ நிற்கிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார். வகுப்பே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

கடைசியில் அவர் என் பக்கம் குனிந்து, மிகவும் இரக்கத்தோடு சொன்னார்: "அதற்கெல்லாம் அனுமதி கேட்கத் தேவையில்லை, ஃபிராவ் சிவநாதன். இடப்பக்கம் மூன்றாவது கதவு."

வெங்காயத் தோல்

பன்னிரண்டு வருடத்தில் நான் உரித்த வெங்காயத்தை ஒரு லொறியில் ஏற்றலாம். ஆனால் வெங்காயத்தை நான் பார்த்தது இரண்டாவது கிழமைதான். சிவப்பு வெங்காயத்தின் மெல்லிய தோலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கண்ணைக் கொடுத்தேன். கலம் கலமாக, அதுதான் செல் செல்லாக, ஊதா நிறத்தில் அடுக்கி வைத்திருக்கிறது! உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் ஊதா நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்கத் தொடங்கியது. "ஐயோ, கடவுளே!" என்று தமிழில் கத்திவிட்டேன். உயர்தரத்தில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன், ஆனால் என் கண்ணால் கண்டதில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை என் கல்யாண நாளோடு ஒப்பிட்டால் வீட்டில் பிரச்சினை வரும்.

வீட்டுக்கு வந்து, பஸ் ஓட்டிக் களைத்து வந்த என் மனிசனைச் சாப்பாட்டு மேசையில் பிடித்தேன். வெங்காயச் சம்பலுக்கு உப்புப் போட்டதும் ஏன் தண்ணீர் விடுகிறது என்று கோப்பையைத் தூக்கிக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினேன். சோறு ஆறிப்போனது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரியப்பா, இப்ப இந்தச் சம்பலை நான் சாப்பிடுறதோ, இல்லாட்டிப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

இதயம்

ஒருநாள் இறைச்சிக் கடையிலிருந்து பன்றி இதயங்கள் வந்தன. இரண்டு பேருக்கு ஒன்று. என் சோடி சிபெல், முடிதிருத்தும் வேலையை விட்டுப் படிக்க வந்தவள். துருக்கிக் குடும்பம். பன்றி என்றதும் இரண்டு சோடி கையுறையை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள். "நீ வெட்டு, நான் எழுதுகிறேன்" என்றாள்.

வெட்டுவது எனக்கு என்ன புதிதா? மற்றவர்கள் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்க, நான் கழுவி, கொழுப்பை எடுத்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய்களை நறுக்கி எறிந்து, உள்ளே இருந்த நூல் நூலான சவ்வையெல்லாம் வழித்துத் துடைத்து, அளவான துண்டுகளாக்கி வரிசையாக அடுக்கிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெருமையாகக் கையைத் தூக்கினேன். அன்றைய பாடமே நான் எறிந்த குழாய்களும் வால்வுகளும்தான் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஃபிராவ் பிரிங்க்மன் தட்டையும் குப்பைக் கூடையையும் பார்த்தார். "நாங்கள் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்தோம், ஃபிராவ் சிவநாதன். நீங்கள் இது எத்தனை நிமிடத்தில் வேகும் என்று பார்த்திருக்கிறீர்கள்."

படம் ஒன்பது

இனி வருவது சிரிப்பு இல்லை. இரண்டாம் வருடம் ஒளித்தொகுப்பில், அதுதான் செடி வெளிச்சத்தில் தன் சாப்பாட்டைச் செய்வதில், எழுத்துத் தேர்வு. நாங்கள் எப்படிப் படித்து வளர்ந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். ரியூசன் கொட்டிலில் ஒரு சொல் மாறினாலும் புள்ளி போய்விடும். நான் பாடப்புத்தகத்தில் ஆறு பக்கத்தைப் புள்ளி, காற்புள்ளியோடு பாடமாக்கினேன். ஜெர்மன் மொழியில் பாடமாக்க எடுத்த பாடு எனக்குத்தான் தெரியும். தேர்வில் மடை திறந்த மாதிரிக் கொட்டினேன். கேள்வி என்ன என்பதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒளித்தொகுப்பு என்ற சொல் இருந்தது, போதும்.

அடுத்த கிழமை என் தாள் வரவில்லை. கடிதம் வந்தது. ஏமாற்று முயற்சி என்று சந்தேகம். வியாழக்கிழமை அதிபரின் அறையில் டெர்மின், அதுதான் நேரம் குறித்த சந்திப்பு. சந்தேகம் உறுதியானால் சுழியம். சுழியம் விழுந்தால் அபிட்டூருக்கே அனுமதி இல்லாமல் போகலாம். பிறகு ஏது பல்கலைக்கழகம்? வாழ்க்கையில் ஒருவரின் தாளையும் எட்டிப் பார்க்காதவள் நான். அவமானத்தில் மூன்று நாள் என் மனிசனிடம்கூடச் சொல்லவில்லை. சிபெலிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவள் கடிதத்தோடு வந்திருந்த தாளின் பிரதியை வாங்கி, என் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டாள். நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டாள். என் தாளில் ஒரு படமும் இல்லை. ஆனால் 'படம் ஒன்பதைப் பார்க்கவும்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தேன்.

சிபெல் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கள்ளமாகப் பார்த்து எழுதுகிறவளுக்குக்கூட இந்த வரியை விடலாம் என்ற புத்தி இருக்கும்."

வியாழக்கிழமை

அதிபரும் ஃபிராவ் பிரிங்க்மனும் மேசைக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். பாடமாக்கி எழுதினேன் என்றேன். அதிபர் நம்பவில்லை. "ஆறு பக்கத்தையா?" என்றார். சரி, கேளுங்கோ என்று எழுந்து நின்றேன். கையைக் கட்டினேன். சுவரைப் பார்த்தபடி தொடங்கினேன். முதற்பக்கம் முடிவதற்குள் அதிபர் "போதும்" என்றார். ஆனால் பாடமாக்கியவர்களுக்குத் தெரியும், இடையில் நிற்பாட்ட ஏலாது. நிற்பாட்டினால் திரும்பவும் முதலிலிருந்துதான் வர வேண்டும். ஓடினேன். படம் ஒன்பதைப் பார்க்கவும் என்று சொன்னபோது அதிபர் புத்தகத்தைத் திறந்து படம் ஒன்பதைப் பார்த்தார்.

சுழியம் விழவில்லை. பதினைந்துக்கு ஐந்து புள்ளி கிடைத்தது, தப்பிப் பிழைத்தேன். சந்தோசமாக வெளியே வந்தேன். ஆனால் ஃபிராவ் பிரிங்க்மன் கதவடியில் என் தோளைத் தொட்டுச் சொன்னது ஒரு வருடம் என்னை விடவில்லை: "இது ஏமாற்று இல்லை, ஃபிராவ் சிவநாதன். ஆனால் இது உயிரியலும் இல்லை."

பிழை விடப் பழகுதல்

அதற்குப் பிறகு அவர் எனக்குத் தனியாக ஒரு தண்டனை கண்டுபிடித்தார். ஒவ்வொரு கிழமையும் ஒரு வரைபடம் தருவார். தலைப்பு இருக்காது, விளக்கம் இருக்காது. புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடக்கிறது என்று ஊகித்து எழுத வேண்டும். ஊகிக்கிறதா? படிப்பிலா? தெரியாததை எழுதக் கூடாது என்றுதான் எனக்கு எல்லாரும் சொல்லித் தந்தது. வெறுந்தாளை முன்னால் வைத்துக்கொண்டு குசினி மேசையில் இருப்பேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆரணி எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் போகாமல் எனக்கு முன்னால் இருந்தாள்.

"அம்மா, பிழையா எழுதினால் இஞ்ச ஒருத்தரும் அடிக்கமாட்டினம்" என்றாள்.

அழகான பிழை

அன்றைக்குத் துணிந்து எழுதினேன். வரைபடத்தில் ஒரு கோடு ஏறி, பிறகு தட்டையாகப் போனது. செடிக்குத் தண்ணீர் முடிந்துவிட்டது என்று எழுதி, ஏன் அப்படி நினைக்கிறேன் என்று மூன்று காரணமும் போட்டேன். மூன்றும் என் சொந்த வசனம். முழுப் பிழை, முடிந்தது தண்ணீர் இல்லை, காபனீரொட்சைட்டு, நாங்கள் மூச்சில் வெளியே விடும் காற்று. ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: அந்தச் செடி என்ன செய்கிறது என்று நான் உண்மையாகவே யோசித்திருக்கிறேன்! இத்தனை வருடத்தில் முதல் தடவை! ட்ராமில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே நின்ற மரங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஃபிராவ் பிரிங்க்மன் அந்தத் தாளின் கீழே எழுதியிருந்தார்: "பிழை. ஆனால் எவ்வளவு அழகான பிழை! இப்படியே இன்னும் விடுங்கள்."

பனிக்கடல் மீன்

உயிரியல் எனக்கு வாய்மொழிப் பரீட்சை. முப்பது நிமிடம் தயார்ப்படுத்தலாம், பிறகு மூன்று பேருக்கு முன்னால் பேச வேண்டும். இதில் நல்ல புள்ளி வந்தால்தான் என் மொத்தப் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதும். தாளைத் திருப்பினேன். தென் துருவக் கடலில் ஒரு மீன். அதன் இரத்தத்தில் சிவப்பே இல்லை, ஒட்சிசனைச் சுமந்து காவுகிற பொருளே இல்லை. எப்படி உயிர் வாழ்கிறது? நான் படித்த எந்தப் பக்கத்திலும் இந்த மீன் இல்லை. ஒரு நிமிடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த நிமிடம், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அட, எப்படித்தான் இருக்கிறது இந்த மீன்?

"எனக்குத் தெரியாது" என்றுதான் தொடங்கினேன். "ஆனால் குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் கூடக் கரையும் என்று இந்த இரண்டாவது வரைபடம் காட்டுகிறது. அப்படியென்றால் காவுகிறதற்கு ஆள் இல்லாமலே இரத்தத்தில் நேராகக் கரைந்து போகலாம்." கடல் சூடானால் என்று கேட்டார்கள். தெரியாது, ஆனால் பாவம், முதலில் மூச்சு முட்டுவது இதுக்குத்தான் என்றேன். எழும்பிப் போய்க் கரும்பலகையில் மீனைக் கீறினேன். நேரம் முடிந்துவிட்டது என்றபோது எனக்குக் கவலையாக இருந்தது.

வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த கால் மணி நேரத்தை எழுத என்னால் ஏலாது. கதவு திறந்தது. பதின்மூன்று புள்ளி! பல்கலைக்கழகத்துக்குப் போதும், போதும்! ஃபிராவ் பிரிங்க்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு கொலேக்கிலிருந்து வந்திருந்த பரீட்சகர் எனக்குக் கை தந்து சொன்னார்: "எனக்குத் தெரியாது என்று ஆறு தரம் சொன்னீர்கள். ஆறு தரமும் அதற்குப் பின்னால் ஒரு நல்ல வசனம் வந்தது."

ஒக்டோபரில் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. மூன்று வருடம் அப்படி என்னதான் படித்தாய் என்று ஊர்ச் சனம் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழ் கையில் இருக்கிறது என்றுதான் சொல்லப் போகிறேன்.