பதினோரு மணிக்குள் நெட் வரணும்

போன வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் யாரும் இட்லியைத் தொடவில்லை. வெந்து, ஆறி, அப்படியே கிடந்தது.

காரணம் — மகள் தமிழரசிக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி. லேப்டாப்பிலேயே முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். பெரம்பலூரில் காலேஜ் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக்கொண்டே இருந்த பெண். 'வா, பேசலாம்' என்று கூப்பிட்ட முதல் கம்பெனி இதுதான்.

பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தாள். வைஃபை வந்தது. போனது. மறுபடி வந்து, ஒரே ஒரு கோடு காட்டிவிட்டு... மறுபடி போனது.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் எப்படிப்பட்டவன் தெரியுமா? அரியலூர் பஸ் வருவதற்குள்ளேயே, போயிருக்குமோ என்று நினைக்கிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு. லேப்டாப்புக்கும் எனக்கும் உள்ள உறவு என்ன? அது மேஜைமேல் இருக்கும். நான் தள்ளி நின்று பயப்படுவேன்.

பயந்தவன் சும்மா இருப்பானா?

"எவனாவது ஹேக் பண்ணிட்டானோ?"

"நம்ம வூட்டு நெட்ட ஹேக் பண்ணி என்னப்பா பண்ணப் போறான்? நீ பாக்குற ராசிபலன அவனும் பாக்கவா?"

"இல்ல, வைரஸ் கிய்ரஸ்..."

"செத்த நேரம் வாசல்ல போயி நில்லேன்ப்பா."

நின்றேன். நிற்க முடியவில்லை. உள்ளே வந்தால், லேப்டாப்பில் இருந்த பாஸ்வேர்டை அழித்துவிட்டு, அதையே மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறாள். அடப்பாவமே, ஞாபகம் இல்லாவிட்டால்? நல்லவேளை, இருந்தது. சேர்ந்தது. அதே ஒற்றைக் கோடு. ஒரு வீடியோவைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். வட்டம் மாறவில்லை.

"மாடிக்குப் போயி போன் நெட்ட வெச்சுப் பேசிடட்டுமா? அங்கதான் டவர் எடுக்கும்."

"லாரிக்காரன் அடிக்கிற ஹாரன்ல நீ பேசுறது சென்னையில கேக்குமா?"

அவள் நகத்தைக் கடித்தாள். என் பயத்தையாவது தாங்கிக்கொள்ளலாம். பிள்ளை பயப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே...

கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

"லைன்ல கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லீங்களே அண்ணே. ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"கீழ இருக்குற சுவிட்ச தட்டித் தட்டிப் பாத்துட்டேன் தம்பி. புள்ளைக்கு இன்டர்வியூ. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்களேன்."

"நான் விக்கிரமங்கலத்துல கம்பத்து மேல இருக்கேண்ணே."

கம்பத்தின் மேல் இருப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் தவறி விழுந்தால் அந்தப் பாவமும் எனக்குத்தானே வரும்?

"மோடத்துல என்ன கலர்ல லைட் எரியுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

மோடம் இருப்பது பரண்மேல். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு கால் வைத்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி மல்லிகாவின் குரல் வந்தது.

"ஏங்க, பாத்து ஏறுங்க. மேல குண்டான் கவுத்து வெச்சிருக்கேன்."

"பரண்மேல எதுக்குக் குண்டான்?"

"அந்த வைஃபை பெட்டிக்குத்தான். தூசு வுழுவுதுல்ல?"

ஸ்டூலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன்.

எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனால் அடுத்தது வரும். அதனால் இங்கே எல்லோரும் எல்லாவற்றையும் மூடித்தான் வைப்போம். தண்ணீருக்குத் தட்டு, டிவிக்குத் துணி, வண்டி சீட்டுக்குச் சாக்கு. மோடத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? முந்தின நாள் சாயங்காலம், நல்ல கனமான எவர்சில்வர் குண்டானாகப் பார்த்துக் கவிழ்த்திருக்கிறாள்.

"எவர்சில்வர் பாத்திரத்தப் போட்டு மூடுனா சிக்னல் எப்படிம்மா வரும்?" தமிழரசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எனக்கென்னடி தெரியும்? உங்கப்பாதான் வாரம் பூரா, தூசி ஏறுது, மோடம் போயிரும், இன்டர்வியூ போயிரும்னு பொலம்புனாரு."

குண்டானைத் தூக்கினேன். மோடம் சோறு வடித்த பானை மாதிரி கொதித்தது. கீழே தமிழரசி, "வந்துருச்சுப்பா, முழுசா வந்துருச்சு" என்றாள். கம்பத்தின் மேல் இருந்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "தானா சரியாயிருச்சு தம்பி" என்று சொல்லி வைத்தேன்.

இதில் நான் கற்றது ஒன்று. கவலையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நம்மேல் பிரியம் உள்ள யாராவது அதைக் காதில் வாங்கி, ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து கவிழ்த்துவிடுவார்கள்.

பதினோரு மணிக்கு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன்.

"டென்ஷனான நேரத்துல எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேட்டாங்கப்பா. எங்க அப்பாகூட ஒரே வூட்டுல இருக்கேன், பழகிருச்சுன்னு சொன்னேன்."

"அய்யய்யோ. அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. எந்த மாதிரிச் சிரிப்பு என்று கேட்டால், இவளும் சிரிக்கிறாள்.