பிரேக் ஹோஸ் வராத சனிக்கிழமை

1987-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள பிறம்ரனில் நடந்தது இது. அப்போது நான் ஒரு கராஜின் முன் கவுண்டரில் வேலை செய்துகொண்டிருந்தேன்; அங்கே இருந்த ஒரே பெண் நான்தான். கராஜ் என்றால் சாதாரணக் கராஜ் இல்லை. நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கிற ஜீப், பிக்கப் ட்ரக் போன்றவற்றை இன்னும் உயரமாக்கி, பெரிய ரயர் பூட்டிக் கொடுக்கிற இடம். சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஓடுவதற்கென்று சிலர் வருவார்கள். பெரும்பாலானவர்கள் தெருவில் மற்றவர்களை மேலேயிருந்து பார்ப்பதற்காகவே வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

திருகோணமலையிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அண்ணனோடு ரொறன்ரோவின் பார்க்டேலில் ஓர் அறையுள்ள வீட்டில் இருந்தேன். என் அகதி வழக்கு முடியவில்லை. விடிய எழும்பி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவேன். எனக்கு வண்டி ஓட்டக்கூடத் தெரியாது. ஆனால் எந்த வண்டிக்கு என்ன ஸ்பிரிங், என்ன ஷொக், எந்த அளவு ரயர் என்று ஓடர் பண்ணுவதும், வந்த சாமானைப் பிரித்துச் சரிபார்ப்பதும் என் வேலை. அதனால் பெட்டிகளுக்குள் என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது அந்தக் கடையில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

நவம்பரில் எங்கள் ஆள் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய பிக்கப் ட்ரக் ஒன்றை வாங்கியிருந்தார். முன் சீற்றுக்குப் பின்னால் பிள்ளைகள் இருக்கவும் இடமுள்ள ட்ரக். அதை ஆறு அங்குலம் உயர்த்திப் பெரிய ரயர் பூட்ட வேண்டும் என்றார். அவர் வேலை செய்த ஃபாக்டரியில் கார் நிறுத்தும் இடம் முழுக்க உயரமான ட்ரக்குகளாம். இவருடைய சின்னக் காரைப் பார்த்து மற்றத் தொழிலாளிகள் தினமும் சிரிப்பார்களாம். ஒருநாள் நாலு பேர் சேர்ந்து காரைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கண் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இவருடைய ட்ரக் அங்கே எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கவேண்டும் என்று நானே ஆசைப்பட்டேன்.

வண்டியின் உடம்பை உயர்த்தினால் சில்லுகள் கீழேதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் போகிறது. பழைய உயரத்துக்கு அளவாக இருந்த குழாய் புதிய உயரத்துக்கு எட்டாது. சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது இழுபட்டு அறுந்துபோகலாம். அறுந்தால் பிரேக் இல்லை. அதனால் நீளமான குழாய் கட்டாயம் வேண்டும். நான் அதையும் சேர்த்துத்தான் ஓடர் பண்ணியிருந்தேன். மற்றச் சாமான் எல்லாம் வந்தது. குழாய் மட்டும் வரவில்லை. கேட்டபோது அடுத்த வாரம் என்றார்கள்.

முதலாளி சனிக்கிழமை ட்ரக்கைத் தருவதாக அந்த யாழ்ப்பாணத்தவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை பின்னேரம் யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம், அதற்குப் புது ட்ரக்கில் குடும்பத்தோடு போய் இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெள்ளிக்கிழமை முதலாளி மெக்கானிக்கிடம், பழைய குழாயையே பூட்டு, அதைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்பைக் கழற்றிவிட்டால் கொஞ்சம் நீளம் கிடைக்கும் என்றார். மெக்கானிக் ஜமெய்க்காவிலிருந்து வந்த மனிதர். தலையை ஆட்டினார். ஏதோ முணுமுணுத்தார். பிறகு செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வீட்டில் நாலு வாய்.

சனிக்கிழமை காலையில் யாழ்ப்பாணத்தவர் தன் மனைவியோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். ட்ரக் வெளியே நின்றது. கழுவித் துடைத்து, அந்தப் பெரிய ரயர்களில் நின்றபோது உண்மையிலேயே ஒரு யானை மாதிரி இருந்தது. பிள்ளைகளைத் தூக்கித்தான் உள்ளே ஏற்றவேண்டி இருந்தது. அவர்கள் உள்ளேயிருந்து கண்ணாடியில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

முதலாளி சாவியோடு வந்து, எல்லாம் பிரமாதமாக முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். யாழ்ப்பாணத்தவருக்கு அந்த வேகமான ஆங்கிலம் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்த்தார். “உன் பாஷையில் சொல்லு. எல்லாம் முடிந்தது, பயமில்லாமல் ஓட்டலாம் என்று சொல்லு.”

பொய் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பொய்யை நான் தமிழில் சொல்லவேண்டும். அவர் என்னை நம்புவது நான் தமிழ் பேசுகிறேன் என்பதற்காக மட்டும்தான். அந்த நம்பிக்கையை முதலாளி என்னிடம் கேட்காமலே எடுத்துச் செலவழிக்கப் பார்த்தார்.

“அண்ணை, எல்லாம் முடிஞ்சுது எண்டு உங்களுக்குச் சொல்லச் சொல்லுறார் முதலாளி. ஆனா முடியேல்லை. பிரேக் ஹோஸ் இன்னும் வரேல்லை. பழசைத்தான் இழுத்துப் பூட்டியிருக்கினம். இதை இப்ப எடுத்துக்கொண்டு போகாதேங்கோ.”

அவர் முகம் விழுந்துபோனது. “நீர் மெக்கானிக்கோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. நான்தான் சாமான் ஓடர் பண்ணினனான். வரேல்லை எண்டது எனக்குத் தெரியும்.”

முதலாளிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். என்ன சொன்னாய் என்று கேட்டார். குழாய் வரவில்லை என்று சொன்னேன் என்றேன். அவர் கழுத்து சிவந்தது. உடனே அண்ணை பக்கம் திரும்பி, தோளில் தட்டி, பெருவிரலை உயர்த்திக் காட்டி, “நோ ப்ரொப்ளம், மை ஃப்ரெண்ட்” என்றார். அது அவருக்கு விளங்கியது.

“பாத்தீரோ? வெள்ளைக்காரன் ஓம் எண்டுறான். எங்கட சனம்தான் குறுக்கை நிக்குது. ஒருத்தன் கொஞ்சம் உயர்ந்திட்டால் உங்களுக்குப் பொறுக்காது,” என்றார் அண்ணை.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவர் உயரவேண்டும் என்று அந்தக் கடையில் ஆசைப்பட்ட ஒரே ஆள் நான்தான். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி, “எங்கை, காட்டும் பாப்பம்,” என்றார்.

ட்ரக் இருந்த உயரத்துக்குக் கீழே புகப் பெரிய சிரமம் இல்லை. அவருடைய மனைவியும் நானும் பனிச்சேற்றில் முழங்காலை ஊன்றி முன் சில்லுக்குப் பின்னால் பார்த்தோம். நான் குழாயைக் காட்டினேன். அவர் கையுறையைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தார். துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்துப்போயிருந்தது.

“உம்மட பிள்ளையள் எண்டால் நீர் இதிலை ஏத்துவீரோ?”

“மாட்டன், அக்கா.”

அவ்வளவுதான். அக்கா எழும்பினார், கதவைத் திறந்தார், “இறங்குங்கோ ரெண்டுபேரும்,” என்றார். சின்னவன் அழுதான். அக்கா கணவனைப் பார்த்து, “நாங்கள் பஸ்ஸிலை போறம்,” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

அண்ணை என்ன செய்வார் பாவம். ஒரு பக்கம் மனைவி போகிறாள். ஒரு பக்கம் முதலாளி சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கடை வாசலில் இரண்டு வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மறுபடியும் நாலு பேர் முன்னால் சின்னவனாகிப் போவதா? சாவியைப் பறித்தமாதிரி வாங்கினார், ஏறினார், ஸ்ராட் பண்ணினார்.

அந்தக் கடையிலிருந்து வெளியே போகிற வழி ஓர் இறக்கம். இறக்கத்தின் முடிவில் லொறிகள் ஓயாமல் போகிற பெரிய தெரு. அந்த இறக்கத்தை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஓடிப்போய் ட்ரக்குக்கு முன்னால் நின்றேன்.

ட்ரக்கின் பொனற், அதாவது எஞ்சின் மூடி, என் கழுத்தளவு இருந்தது. மேலேயிருந்த அவருக்கு என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். ஹோர்ன் அடித்தார். நான் அசையவில்லை. இன்னும் நீளமாக அடித்தார். முதலாளி பின்னாலிருந்து கத்தினார்: இப்போதே விலகாவிட்டால் உனக்கு வேலை இல்லை. அண்ணன் என்ன சொல்வான், வழக்கு என்ன ஆகும் எல்லாம் தலைக்குள் ஓடியது. கூடவே ஒரு பிடிவாதமும் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இத்தனை பேருக்குத் தலையாட்டி, இதற்கும் ஆட்டுவதா? திரும்பிப் பார்க்காமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “சரி, வேலை வேண்டாம்,” என்றேன்.

அப்போது என் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அக்கா. ஹோர்ன் சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருந்தார். பிள்ளைகள் இரண்டையும் வேலியோரம் நிறுத்திவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு என் தோளோடு தோள் நின்றார்.

எஞ்சின் நின்றது.

கதவு திறந்தது. அவர் இறங்கினார். அந்த உயரத்திலிருந்து இறங்கிப் பழக்கமில்லை. ஒரு கால் நிலத்தைத் தேடித் தேடிக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் தொங்கியது. பிறகு நேராக முதலாளியிடம் போய்ச் சாவியை அவர் கையில் வைத்து, தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்: “ஃபர்ஸ்ட், ஹோஸ்.”

நான் உள்ளே போய் என் கோட்டையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்தேன். மெக்கானிக் கதவைப் பிடித்துத் திறந்துவிட்டார்.

பஸ் தரிப்பிடத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றோம். அவருடைய குடும்பமும், அவர்களால் வேலை போன நானும். பஸ் வர வெகுநேரம் ஆனது. அண்ணை என் பக்கம் பார்க்கவே இல்லை. பஸ்ஸுக்குள்ளும் தள்ளிப்போய்த் தனியே இருந்தார். நான் இறங்கும் இடம் வந்தபோதுதான், ஜன்னலைப் பார்த்தபடியே, “இனி என்ன செய்யப்போறீர்?” என்று கேட்டார்.

“வேற வேலை தேடுவன் அண்ணை.”

அவர் தலையாட்டினார்.

வீட்டில் அண்ணன் கோபித்தான். “உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை? அந்தாள் உனக்கு மாமனோ மச்சானோ?” என்றான். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன். அதுதான் என் பதில்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா எப்படியோ எங்கள் நம்பரைத் தேடிப்பிடித்து ஃபோன் எடுத்தார். புதுக் குழாய் வந்துவிட்டதாம். அண்ணை ஃபாக்டரியில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், பெட்டியைத் தன் கண்முன்னால் பிரிக்கவைத்துத்தான் பூட்ட விட்டாராம். “நான் பிறகு கீழை பூந்து தொட்டுப் பாத்தனான். நல்லாத் தளர்வாக் கிடக்குது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் உமக்கு நன்றி சொல்லமாட்டார். ஆனா இப்ப ஃபாக்டரியிலை ஒருத்தரும் சிரிக்கிறேல்லையாம்,” என்றார். எனக்கு அது போதும்.

தை மாதமே ஸ்காபரோவில் ஒரு ரயர் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. வழக்கும் ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. அண்ணையைப் பிறகு ஒன்றிரண்டு கலியாணங்களில் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் என்னைக் காட்டி, “இந்தப் பிள்ளை சரியான வாய்க்காறி,” என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தமாதிரி எனக்குப் பட்டது.

அன்று அந்தக் குழாய் அறுந்திருக்குமா, இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒருவேளை யூனியன்வில்லுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் இருப்பார்கள். அப்படிச் சொல்லி என்னைக் கேலி செய்தவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இத்தனை வருடத்தில் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் அலுவலகங்களிலும் எத்தனையோ பேருக்கு நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பதற்கு முன், என் தமிழை நம்பி எதிரே நிற்கிறவரின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன்.